விளக்கு சுமந்த தொப்பி: நிலக்கரிச் சுரங்கத் தலைக்கவசத்தின் தொடக்கக் காலம்

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் தலையில் அணிந்தவற்றுக்கு இரண்டு வேலைகள் இருந்தன: மண்டையைக் காப்பது ஒன்று, விளக்கைச் சுமப்பது மற்றொன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதி வரை, குறிப்பாக அமெரிக்காவில், இரண்டாவது வேலையே முந்திக்கொண்டது. தொப்பியின் துணி, அதன் முன்பக்கத் தோல், அதில் தைத்த உலோகத் தகடு எல்லாம் விளக்கை நிறுத்துவதற்காகவே அமைந்தன. மேலிருந்து கல் விழுந்தால் மண்டை என்ன ஆகும் என்ற கேள்வி அந்தத் தொப்பிகளைத் தைத்தவர்களை அதிகம் உறுத்தியதாகத் தெரியவில்லை. கெட்டியான ஓடும் உள்பட்டைகளும் கொண்ட தலைக்கவசம் அங்கே வழக்கத்துக்கு வர ஒரு போரும், மின்விளக்கும், புதுவகைப் பிசின்களும் தேவைப்பட்டன.

தமிழ்நாட்டில் நிலக்கரி என்றதும் நெய்வேலிதான் கண்முன் வரும். அது திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணை அகற்றிவிட்டுப் பழுப்பு நிலக்கரியை வெட்டுகிறார்கள். வேலை செய்பவரின் தலைக்கு மேல் இருப்பது வானம். நிலத்தடிச் சுரங்கத்தில் தலைக்கு மேல் இருப்பது பாறை. நிலக்கரி, பாறை அடுக்குகளுக்கு நடுவே படுகையாகப் படிந்திருக்கும். அந்தப் படுகை மூன்றடி கனம் என்றால், வெட்டிய பிறகு கிடைக்கும் இடமும் ஏறக்குறைய மூன்றடிதான். வீணான பாறையை உடைத்து உயரத்தைக் கூட்ட எந்த முதலாளியும் விரும்பமாட்டார். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் பிரான்சின் வடக்கு நிலக்கரி வயல்களிலும் முழங்காலிட்டும் பக்கவாட்டில் படுத்தும் வேலை செய்தவர்கள் ஏராளம்.

அந்த நிலையில் தலைக்கு மூன்று வகை ஆபத்து. முதலாவது, அன்றாடம் நடப்பது: குனிந்து போகும்போது குறுக்குச் சட்டத்திலும் துருத்திய பாறையிலும் இடித்துக்கொள்வது. இரண்டாவது, கூரையிலிருந்து உதிரும் சிறு கல்லும் நிலக்கரித் துண்டும். மூன்றாவது, கூரையே சரிந்து விழுவது. இந்த மூன்றாவதன்முன் எந்தத் தொப்பியும் நிற்காது. டன் கணக்கில் விழும் பாறையைத் தாங்க மர முட்டுகளும், பிற்காலத்தில் கூரையில் முடுக்கிய இரும்புத் திருகாணிகளும்தான் வழி. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கூரையும் நிலக்கரியும் சரிந்தே மாண்டனர். தலைக்கவசத்தின் வரலாற்றைப் பேசும்போது இந்த எல்லையை மறக்கக் கூடாது. அது காப்பாற்றியது முதல் இரண்டு ஆபத்துகளிலிருந்துதான். ஆனால் அவை சிறிய ஆபத்துகள் என்றும் சொல்ல முடியாது. கூரையிலிருந்து ஒரு கல் விழுந்தாலே மண்டை உடையக்கூடும். நிலத்தடியில் உடைந்த மண்டையோடு மேலே வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் ஆகிவிடலாம்.

பழைய தலைக்கவசங்களில் உண்மையாகவே காப்பை முதன்மையாகக் கொண்டவை ஐரோப்பாவில் இருந்தன. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் வெள்ளீயமும் செம்பும் வெட்டியவர்கள், பிசினில் ஊறவைத்துக் கெட்டியாக்கிய கம்பளித் தொப்பியை அணிந்தனர். தொப்பியின் முன்புறத்தில் ஓர் உருண்டை ஈரக் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொள்வார்கள். இது நிலக்கரிச் சுரங்கத்து வழக்கமல்ல என்றாலும் இங்கே சொல்லக் காரணம் உண்டு: கெட்டியான ஓடும் விளக்கும் ஒரே தொப்பியில் சேர்ந்த தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று. கார்ன்வால்காரர்கள் உலகெங்கும் சுரங்கம் தோண்டப் போனார்கள். தமிழர்கள் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்க வயலுக்கும் 1880-களிலிருந்து ஜான் டெய்லர் நிறுவனத்தின் வழியாக வந்து சேர்ந்தார்கள்.

நிலக்கரி வயல்களிலேயே கிடைக்கும் சிறந்த சான்று வடக்குப் பிரான்சின் ‘பாரெத்’. கொதிநீரில் பதப்படுத்தி இறுக வைத்த தோலால் ஆன தொப்பி அது. தோலைச் சுடுநீரில் நனைத்து அச்சில் வைத்துக் காயவிட்டால் மரத்தைப்போல் விறைத்துவிடும்; ஆனால் மரத்தைப்போல் பிளக்காது. தோல் நேரே மண்டையில் உரசாமலிருக்க, ‘பெகன்’ எனப்படும் துணிக் குல்லாயை உள்ளே போட்டுக்கொண்டார்கள். எமில் ஸோலா 1884 பிப்ரவரியில் ஆன்ஸான் வயலில் வேலைநிறுத்தம் நடந்தபோது அங்கே போய், சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். மறு ஆண்டு வெளிவந்த ‘ஜெர்மினால்’ நாவலில் இந்த இரண்டு தலையணிகளும் பெயரோடு வருகின்றன. முதல்நாள் வேலைக்கு இறங்கிய கதைத் தலைவன் தலையை இடித்துக்கொள்கிறான். தோல் தொப்பி இல்லாவிட்டால் மண்டை பிளந்திருக்கும் என்று ஸோலா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது அங்கே அன்றாட நடப்பு. அதை விரித்துச் சொல்ல வேண்டிய செய்தியாகவே அவர் கருதவில்லை. ஒரு கருவி வாழ்க்கையோடு எவ்வளவு கலந்திருந்தது என்பதற்கு இந்த அலட்சியத்தைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

பிரான்சில் தோல் தொப்பி நிலைத்திருந்தபோது, அதைவிடப் பெரிய சுரங்கத் தொழில் நடந்த அமெரிக்காவில் ஏன் துணித் தொப்பி போதுமென்று விட்டார்கள்? விடை வெளிச்சத்தில் இருக்கிறது.

நிலக்கரியோடு மீத்தேன் வாயுவும் வெளிவரும். காற்றில் அது ஏறக்குறைய 5 முதல் 15 விழுக்காடுவரை கலந்திருந்தால் ஒரு பொறியே போதும். 1812 மே 25 அன்று இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். அதன் பின்னரே, 1815-இல், ஹம்ஃப்ரி டேவி கம்பிவலையால் சுடரை மூடிய பாதுகாப்பு விளக்கை வடிவமைத்தார். அந்த விளக்கு நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்த்தால் சுடர் வலையைத் தொடும் அல்லது அணைந்துபோகும். அதனால் அதைத் தலையில் மாட்ட முடியாது. கையில் தூக்கிப்போய் அருகே தொங்கவிட வேண்டும். வாயு மிகுந்த ஆங்கிலேய, பிரெஞ்சுச் சுரங்கங்களில் விளக்கு தலையை விட்டுப் போனதற்கு இதுவே காரணம். அங்கே தொப்பி விளக்கைச் சுமக்கும் வேலையிலிருந்து விடுபட்டது.

வாயு குறைந்த அல்லது குறைவென்று நம்பப்பட்ட சுரங்கங்களில் நிலைமை வேறு. ஸ்காட்லாந்தில் 1850-ஐ ஒட்டி ஒரு சிறு எண்ணெய் விளக்கு தோன்றியது. பார்ப்பதற்குக் குழந்தைக்குப் பால் புகட்டும் கெண்டியைப்போல் இருக்கும்: மூடியிட்ட சிறு கலம், சாய்ந்து நீளும் மூக்கு, மூக்கின் வழியே வெளிவரும் திரி. பின்புறத்தில் ஒரு கொக்கி. அதைத் தொப்பியின் முன்புறத்தில் மாட்டிவிட்டால் இரண்டு கைகளும் வேலைக்கு விடுபடும். முகம் திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சமும் திரும்பும். குடியேறிகளோடு அது அமெரிக்காவுக்குப் போய், பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா வயல்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியது. பன்றிக்கொழுப்பு எண்ணெய் முதல் பல கலவைகள் அதில் எரிந்தன. பின்னர் ‘சன்ஷைன்’ என்ற பெயரில் விற்ற பாரஃபின் மெழுகும் வந்தது. வெளிச்சம் குறைவு, புகை மிகுதி.

இந்த விளக்குக்கு ஏற்றபடி தைக்கப்பட்டதே அமெரிக்கச் சுரங்கத் தொப்பி. உடல் கான்வாஸ் அல்லது பருத்தித் துணி. முன்னே ஒரு சிறு தோல் விளிம்பு. நெற்றிக்கு நேரே துணி எரியாமலும் தொய்யாமலும் இருக்க ஒரு தோல் பட்டை. அதன்மேல் கொக்கியைச் செருகத் துளையிட்ட உலோகத் தகடு. உச்சந்தலையில் வெறும் துணி. லூயிஸ் ஹைன் 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக எடுத்த புகைப்படங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். காற்றுக் கதவைத் திறந்து மூடும் சிறுவனும் கோவேறுகழுதை ஓட்டும் சிறுவனும் பெரியவர்களுக்கான தொப்பியை அணிந்து, நெற்றியில் எண்ணெய் விளக்கோடு நிற்கிறார்கள். தொப்பி காது வரை இறங்கியிருக்கிறது. அந்தப் படங்கள் குழந்தை உழைப்பை ஒழிக்க எடுக்கப்பட்டவை; தலைக்கவசத்தின் வரலாற்றுக்கும் அவை தற்செயலாகச் சிறந்த ஆவணமாகிவிட்டன.

துணித் தொப்பி நீடித்ததற்குப் பணமும் காரணம். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளி பெரும்பாலும் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினார். மண்வெட்டி, வெடிமருந்து, விளக்கு, எண்ணெய், தொப்பி எல்லாம் அவர் செலவு. பல ஊர்களில் வாங்க வேண்டியதும் நிறுவனத்தின் கடையில்தான். மலிவான துணித் தொப்பி இருக்கும்போது விலை கூடிய தோல் தொப்பிக்கு அவர் ஏன் போவார்? பொது மக்களின் கவனமும் வேறு இடத்தில் இருந்தது. 1907-இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 3,242 பேர் இறந்தனர். அந்நாட்டின் வரலாற்றிலேயே மோசமான ஆண்டு அது. அந்த டிசம்பர் 6-ஆம் தேதி மோனோங்காவில் நிகழ்ந்த வெடிப்பில் மட்டும் 362 பேர். செய்தித்தாள்களும் சட்டமன்றங்களும் வெடிப்புகளைப் பேசின. ஒருவர் இருவராகக் கல்லடிபட்டு இறந்தவர்கள் அந்த வரிகளில் இடம்பெறவில்லை. 1910-இல் உருவான அமெரிக்கச் சுரங்கப் பணியகமும் முதலில் வெடிப்பையும் மீட்பையும்தான் கையிலெடுத்தது.

எண்ணெய் விளக்கை வீழ்த்தியது கார்பைட். மாம்பழத்தைச் சட்டவிரோதமாகப் பழுக்க வைக்கப் பயன்படும் அதே கார்பைட் கல்தான். 1892-இல் வட கரோலினாவின் ஸ்ப்ரே என்ற ஊரில் தாமஸ் வில்சன் மின் உலையில் கால்சியம் கார்பைடை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டடைந்தார். அதில் நீர் பட்டால் அசிட்டிலீன் வாயு எழும். வாயு வெள்ளொளியோடு எரியும். 1900 ஆகஸ்டில் ஃபிரெடரிக் பால்ட்வின் நியூயார்க்கில் இதற்கான சிறு விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைட், நடுவே சொட்டுச் சொட்டாக நீர்விடும் திருகு, முன்னே ஒளியைக் குவிக்கும் தட்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுண்ணாம்புக் குழம்பாகிவிட்ட கழிவைக் கொட்டிவிட்டுப் புதுக் கல் நிரப்ப வேண்டும். அந்தத் தொல்லையையும் பொறுத்துக்கொண்டு தொழிலாளர்கள் அதை விரும்பினார்கள். வெளிச்சம் பன்மடங்கு, புகை மிகக் குறைவு. தொப்பியில் மாற்றம் அதிகமில்லை. அதே துணி, அதே தகடு. எரிவது இன்னும் திறந்த சுடர் என்பதால் வாயு உள்ள இடத்தில் ஆபத்தும் அதேதான்.

1912 மார்ச்சில் மேற்கு வர்ஜீனியாவின் ஜெட் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த இடத்தைப் பார்த்த பொறியாளர்களில் ஜான் ரையன், ஜார்ஜ் டைக் ஆகிய இருவர் 1914-இல் பிட்ஸ்பர்க்கில் மைன் சேஃப்டி அப்ளையன்சஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். தாமஸ் எடிசனை அணுகி மின்விளக்கு கேட்டார்கள். எடிசனின் நிக்கல்-இரும்பு மின்கலம் இடுப்புப் பட்டையில் தொங்கியது. கம்பி முதுகு வழியாக ஏறித் தொப்பியின் பின்பக்கக் கவ்வியில் மாட்டி, மேலேறி, நெற்றி விளக்கை அடைந்தது. தொழிலாளி சுரங்கத்துக்குள் திறந்துவிடாதபடி மின்கலப் பெட்டி பூட்டப்பட்டது. கண்ணாடிக் குமிழ் உடைந்தால் சூடான இழையே வாயுவைப் பற்றவைத்துவிடும் என்பதால், குமிழ் உடைந்த நொடியில் வில் அதைத் தள்ளி மின்தொடர்பை அறுக்கும் அமைப்பும் சேர்ந்தது. இத்தகைய பாதுகாப்புகளைச் சோதித்துப் பார்த்தே சுரங்கப் பணியகம் ஒப்புதல் முத்திரை வழங்கியது.

இப்போது தொப்பியின் சிக்கல் வெளிப்பட்டது. கம்பி இழுக்கும் விளக்கைத் துணித் தொப்பியால் நேராகப் பிடிக்க முடியவில்லை. தலையசைவில் அது சாய்ந்தது. விளக்குக்கு அசையாத மேடை வேண்டும். ஆகவே காப்புக்கான கெட்டித் தொப்பியை ஏற்க விளக்கும் ஒரு வகையில் வழி விட்டது. நெடுங்காலம் தலைக்காப்பைப் பின்தள்ளிய விளக்கே கடைசியில் அதற்கு உதவியது என்பது இந்த வரலாற்றின் சுவையான திருப்பம்.

அமெரிக்காவுக்குக் கெட்டித் தொப்பி வந்த வழி முதல் உலகப் போர். 1915-இல் பிரெஞ்சுப் படையின் ஏட்ரியன் கவசமும், பிரிட்டனில் ஜான் பிராடியின் தட்டையான எஃகுக் கவசமும் அறிமுகமாயின. 1917-இல் அமெரிக்கப் படை பிராடியின் வடிவைப் பின்பற்றியது. சான் பிரான்சிஸ்கோவில் 1898 முதல் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கார்பைட் விளக்கு முதலிய கருவிகள் விற்றுவந்த புல்லார்ட் குடும்பத்தின் மகன் எட்வர்ட் புல்லார்ட் போரிலிருந்து எஃகுக் கவசத்தோடு திரும்பினார். 1919-இல் அவர் உருவாக்கிய தொப்பிக்கு எஃகு வேண்டியிருக்கவில்லை. கான்வாஸ் துணியைப் பல அடுக்காக்கி, பசையிட்டு, நீராவியில் வேகவைத்து அச்சில் இறுக்கி, கறுப்புச் சாயம் பூசி, முன்னே தோல் விளிம்பு தைத்தார். ‘ஹார்ட் பாய்ல்ட் ஹேட்’ என்று பெயர் வைத்தார். மேற்கத்திய மாநிலங்களின் உலோகச் சுரங்கங்களே அவருடைய முதல் சந்தை. பின்னர் கப்பல் கட்டும் துறைகளுக்கும், 1933-இல் தொடங்கிய கோல்டன் கேட் பாலப் பணிக்கும் அந்த வகைத் தொப்பி சென்றது.

தொழிலிடத் தலைக்கவசத்தைக் கண்டுபிடித்தவர் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா என்றொரு கதையும் உலவுகிறது. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் எழுதியதிலிருந்து பரவியது அது. காஃப்கா பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்ததும், விபத்துத் தடுப்பு குறித்து அறிக்கைகள் எழுதியதும் உண்மை. தலைக்கவசத்தை அவர் கண்டுபிடித்ததற்கு ஆவணச் சான்று இல்லை. கேட்க இனிக்கும் கதை என்பதற்கு மேல் அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கெட்டியான ஓடு மட்டும் போதாது. ஓடு நேரே மண்டையில் அமர்ந்திருந்தால் அடியின் விசை அப்படியே மண்டைக்கும் கழுத்துக்கும் போய்விடும். ஓட்டுக்குள் பட்டைகளால் ஒரு தொட்டில் அமைத்து, அது தலையைப் பிடிக்க, ஓடு தலைக்கு மேலே ஓர் அங்குலம் போல விலகி நிற்கும்படி செய்தபோதுதான் தலைக்கவசம் முழுமை பெற்றது. அடி விழும்போது ஓடு விசையைப் பரப்புகிறது. பட்டைகள் இழுபட்டு நேரத்தை நீட்டுகின்றன. மண்டைக்கு எட்டுவது மிச்சம். அந்த இடைவெளி காற்றோட்டத்துக்கும் உதவியது. தாழ்ந்த படுகையில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் அதே இடைவெளி இடைஞ்சலாக இருந்தது. மூன்றடி உயரத்தில் தலைக்கு மேல் ஓர் அங்குலம் கூடுவதும் அடிக்கடி கூரையில் இடிப்பதற்குச் சமம். அவர்களுக்காகவே உச்சி தட்டையான, விளிம்பு இல்லாத வடிவங்கள் செய்யப்பட்டன.

1930-இல் மைன் சேஃப்டி அப்ளையன்சஸ் ‘ஸ்கல்கார்ட்’ தொப்பியைக் கொண்டுவந்தது. பேகலைட் வகைப் பிசினில் துணியை ஊறவைத்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் அச்சிட்ட ஓடு அது. லியோ பேக்லேண்ட் 1907-இல் கண்டறிந்த இந்தப் பிசின் ஈரத்தில் ஊறாது, வெப்பத்தில் இளகாது. முக்கியமாக, மின்சாரத்தைக் கடத்தாது. 1938-இல் புல்லார்ட் நிறுவனம் அலுமினியக் கவசம் செய்தது; எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் பல நிலக்கரிச் சுரங்கங்களில் தள்ளுவண்டிகளை இழுக்கும் மின்எஞ்சினுக்காகக் கூரையை ஒட்டி உறையற்ற மின்கம்பி ஓடியது. குனிந்து நடப்பவரின் உலோகத் தொப்பி அந்தக் கம்பியைத் தொட்டால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே நிலத்தடியில் பிசின் ஓடே வென்றது. அலுமினியம் மேற்பரப்பு வேலைகளுக்குப் போயிற்று.

பிரிட்டனில் வேறு பொருள் நிலைத்தது: நாரை அழுத்திச் செய்த இலேசான தொப்பி. 1936-இல் விகன் பகுதியில் சுரங்கத்துக்குள் இறங்கிய ஜார்ஜ் ஆர்வெல், மறு ஆண்டு வெளிவந்த ‘தி ரோட் டு விகன் பியர்’ நூலில் அதைப் புகழ்ந்திருக்கிறார். அது அண்மையில்தான் வந்தது என்றும், எடை குறைவென்றும், கடுமையாக இடித்தாலும் வலி தெரியாது என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். வெட்டுமுகத்துக்குப் போகும் வழி நெடுக இடித்துக்கொண்டே போனவர். அவருடைய சான்றுக்கு எடை உண்டு. ஸோலா தோல் தொப்பியைப் பார்த்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஆங்கிலேயச் சுரங்கத்தில் கெட்டித் தொப்பி புதுமையாக இருந்தது என்பதையும் அந்தக் குறிப்பு சொல்லிவிடுகிறது. அதற்கு முன்பு அங்கே பெரும்பாலோர் தெருவில் அணியும் துணித் தொப்பியோடே இறங்கினார்கள்.

தொழிலாளர்கள் எல்லோரும் புதுத் தொப்பியை உடனே வரவேற்றுவிடவில்லை. வியர்க்கிறது, கனக்கிறது, கூரையின் முனகலைக் கேட்க விடாமல் தடுக்கிறது என்றெல்லாம் முறையிட்டிருப்பார்கள் என்று ஊகிக்க முடியும். கூரை சரிவதற்கு முன் எழும் ஓசையை நம்பியே பலர் உயிர் பிழைத்துவந்தனர். விலையும் இடறியது. நிறுவனங்களே கட்டாயமாக்கத் தொடங்கிய பிறகுதான், 1930-களிலும் 40-களிலும், துணித் தொப்பி மறைந்தது. விளக்கு மாட்டும் தகடு மட்டும் போகவில்லை: பேகலைட் ஓட்டின் நெற்றியிலும் அது திருகப்பட்டது, கம்பிக் கவ்வியும் பின்னே அப்படியே தங்கிற்று.

சட்டம் பின்னால் வந்தது. இந்தியாவில் நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளிக்குத் தலைக்கவசம், 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தையும் அதன்கீழ் 1957-இல் வந்த நிலக்கரிச் சுரங்க விதிமுறைகளையும் சார்ந்து கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க நலம், பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எழுந்த விதிகள், பொருள் விழக்கூடிய இடத்தில் கெட்டித் தொப்பி அணிய வேண்டும் என்கின்றன. அதே விதியில், தொப்பிக்குச் சாயம் பூசினால் உலோகம் கலவாத சாயமாகவே இருக்க வேண்டும் என்ற வரியும் சேர்ந்திருக்கிறது.